நவ்ஃபல் போட்ட பூட்டு

தள்ளாத வயதிலும் இந்த அவைக்குத் தலைமை ஏற்க மாடிப்படி ஏறி வந்திருக்கும் பெரியவர் ஷாத்லி அவர்களே! மஹ்தியாத் துறைமுகத்தின் மூத்த மீகாமன்களே! வலையை அப்படியே போட்டுவிட்டு, உப்பு உலராத கைகளோடு ஓடிவந்திருக்கும் உழைப்பாளித் தோழர்களே! பெற்ற பிள்ளையின் படத்தை மார்போடு அணைத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்னையரே! படத்தை எடுத்துவர மனம் வராமல் வெறுங்கையோடு வந்திருக்கும் அன்னையரே! உங்கள் அனைவர் மீதும் அமைதி பொழியட்டும்.

கடலுக்குப் போய்க் கரை திரும்பாத நம் பிள்ளைகளுக்காகக் கூடியிருக்கிறோம். எனக்கு முன்னால் பேசியவர்கள் படகைப் பற்றிப் பேசினார்கள். அலையைப் பற்றிப் பேசினார்கள். கடலுக்கு அப்பால் அக்கரை நாட்டின் ஆட்சியைப் பற்றியும் இக்கரையின் அலட்சியத்தைப் பற்றியும் பேசினார்கள். நான் எதைப் பற்றிப் பேசப்போகிறேன்? ஒரு வீட்டுக் கணினியைப் பற்றி. அதில் வந்து, போகவே மறுத்த ஒரு பிழைச்செய்தியைப் பற்றி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். முதல்நாள் நானும் சிரித்தவள்தான்.

நான் வஸீலா. மீன்சந்தைக்குப் பின்னால் இணைய நிலையம் நடத்துகிறவள். மப்ரூக்கா அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி. அக்கா இந்த அவையில்தான், அதோ, கதவோரமாக உட்கார்ந்திருக்கிறார். "நீயே சொல்லிடு வஸீலா, என் வாயால வராது" என்று சொன்னார். அவர் வாயாகத்தான் நிற்கிறேன்.

அக்காவுக்கு ஒரே மகன் நவ்ஃபல். அவனுக்குப் பின்னால் ரீம் என்றொரு பெண். தகப்பன் அம்மார், கணவாய் மீன் பிடிக்கிறவர். நவ்ஃபல் கணினி படித்தான். கரைத்துக் குடித்தான் என்றே சொல்லலாம். படித்த படிப்புக்கு வேலை கேட்டான், கதவு திறக்கவில்லை. கிடைத்த வேலையைச் செய்தான். கைக்கும் வாய்க்குமே பற்றவில்லை. பிறகு மாலை நேரங்களில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தான். அன்னையரே, பையன் அப்படி நிற்க ஆரம்பித்தால் அடுத்தது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

வீட்டுக் கணினியில் வைரஸ் தடுப்பு மென்பொருளைப் போட்டவன் அவன்தான். பாட்டு இறக்குகிறேன், படம் இறக்குகிறேன் என்று ரீம் அதை நிறுத்தி நிறுத்தி வைப்பாள். அதனால் அதற்கு ஒரு கடவுச்சொல்லைப் பூட்டாகப் போட்டான். அந்தச் சொல் தெரியாமல் அதை நிறுத்தவும் முடியாது, நீக்கவும் முடியாது. என்ன சொல் என்று தங்கை கெஞ்சியிருக்கிறாள். "உன் கல்யாணத்துக்குப் பரிசாத் தர்றேன், போடி" என்று சொல்லியிருக்கிறான்.

பிறகு, வேலை தேடி, அனுமதியின்றி ஆள் ஏற்றும் படகில் அக்கரைக்குப் போனான். படகு புறப்பட்டது தெரியும். போய்ச் சேர்ந்ததா? தெரியாது. கவிழ்ந்ததா? தெரியாது. உடல் வரவில்லை. உடுப்பு வரவில்லை. ஒற்றை வரிச் செய்தி வரவில்லை.

மிஞ்சியது குரல் மட்டும்தான். அம்மாவின் கைப்பேசிக்கு அவன் அனுப்பி அனுப்பிச் சேர்ந்திருந்த குரல்பதிவுகள். கரையில் இருட்டில் படகுக்காகக் காத்திருந்தபோது அனுப்பிய கடைசிப் பதிவில் என்ன சொன்னான் தெரியுமா? நெஞ்சை உருக்கும் வார்த்தை ஏதாவது? இல்லை. "யம்மா, கேஸ மூடிட்டியான்னு ஒரு தரம் பாத்துட்டு வந்து படு." அவ்வளவுதான். அந்தக் கைப்பேசி பழசாகிப் படுத்துக்கொண்ட சமயத்தில், ரீம் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிவிட்டாள். கைப்பேசி செத்தது. குரல் பிழைத்தது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அக்கா கணினி முன்னால் உட்காருவார். மகன் பேசுவான். அந்த நேரத்தில் அந்த வீட்டுக் கதவை நாங்கள் யாரும் தட்டமாட்டோம்.

இப்படி இருக்கையில்தான் அந்த மென்பொருளின் உரிமக் காலம் முடிந்தது. திரையின் நடுவில் ஒரு சிவப்புக் கட்டம்: "பாதுகாப்பு இயங்கவில்லை." மூடினால் மறுபடி வரும். அணைத்துவிட்டுப் போட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கும். மகன் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே வந்து குரைக்கும்.

என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டு போனேன். தேதி சரியா என்று பார்த்தேன், சரி. இணைப்பு சரியா என்று பார்த்தேன்; சரி. புதுப்பிக்கப் பார்த்தேன், முடியாது என்றது. சரி, புதிதாக வேறொன்று போடுவோம் என்று போட்டேன். "உள்ளே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை நீக்கிவிட்டு வா" என்றது. நீக்கப் போனேன். கடவுச்சொல் கேட்டது.

பின்வரிசையில் தம்பி ஏதோ சொல்கிறார். கணினியை 'சேஃப் மோட்' என்கிற பாதுகாப்பு முறையில் திறந்து பிடுங்கி எறிந்திருக்கலாமே என்கிறார். செய்து பார்த்தேன் தம்பி. பாதி போனது, பாதி ஒட்டிக்கொண்டது. பழையது எழுந்து வேலை செய்யவும் இல்லை, எழுந்து வெளியே போகவும் இல்லை. புதியதை உள்ளே விடவும் இல்லை. மிச்சத்தையும் சுரண்டி எடுத்துவிடுகிறேன் என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் மப்ரூக்கா அக்கா என் கையைப் பிடித்தார்.

"அத எடுக்காத. அவன் போட்டது. அவனே வந்து எடுப்பான்."

அம்மார் அண்ணன் வாசலில் கணவாய் பிடிக்கக் கடலில் இறக்கும் பானைகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார். "எடுத்துடு வஸீலா. அவன் வரமாட்டான்."

அக்கா திரும்பினார். "வரமாட்டான்னு உங்களுக்கு யாரு சொன்னா? கடலு வந்து சொல்லிச்சா?"

அண்ணன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கணவனும் மனைவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது நின்றது. ரொட்டி வேண்டும் என்றாலும் ரீமிடம்தான் சொல்வார்கள்.

நான் இன்னொரு வழி சொன்னேன். ஒரு பென் டிரைவில் குரல்களை நகல் எடுத்து என் கடையில் பத்திரமாக வைக்கிறேன் என்றேன். அதற்கும் மறுத்தார். ஏன் மறுத்தார் என்று கேட்பீர்கள். அடுத்த தெருவில் ஒரு பையனின் கடைசிக் குரல் எப்படியோ வெளியே போய், கைப்பேசி கைப்பேசியாகச் சுற்றி, அதன் கீழே முகம் தெரியாதவர்கள் "முட்டாள், மீனுக்குத் தீனி" என்றெல்லாம் எழுதியதை மறந்துவிட்டீர்களா? அக்கா மறக்கவில்லை. "இவன் குரலு இந்த வீட்டத் தாண்டாது" என்றார். எந்த முகத்தோடு நான் வாதாட முடியும்?

மிஞ்சியது ஒரே வழி. கடவுச்சொல்லைக் கண்டுபிடிப்பது. சொல்லைச் சொல்லிப் பழையதை எழுப்பிவிட்டால், காலத்தை நீட்டி அதையே ஓடவிடலாம். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவனுக்குப் பிடித்த பந்தாட்டக் குழு என்றார், தட்டினேன், தவறு. சின்ன வயதில் வளர்த்த பூனை என்றார், தவறு. போக ஆசைப்பட்ட ஊர்; தவறு. ரீம் தயங்கித் தயங்கி ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னாள். அக்கா அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறார். அதுவும் தவறு. பிறகு, கூச்சப்படுகிற சின்னப் பெண் மாதிரி, மெல்ல, "எம் பேரப் போட்டுப் பாரேன்" என்றார்.

போட்டேன்.

"தப்புன்னு சொல்லுதா?"

"ஆமாக்கா."

"எழுத்தெல்லாம் சரியா போட்டியா?"

சரியாகத்தான் போட்டிருந்தேன். ஆனாலும் அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி தவறு. "பெத்தவ நான். எனக்குத் தெரியாத சொல்லு அவனுக்குள்ள எத்தன இருந்திருக்கு பாரு" என்றார். அவையோரே, அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அவர் அழவில்லை.

சிவப்புக் கட்டம் அப்படியே இருந்தது. அதை ஓரமாகத் தள்ளி வைத்துக் குரல் கேட்கப் பழகிக்கொண்டார். காவல் இல்லாத வீடு அது. வந்தது ஒரு நாள் ஒரு மின்னஞ்சல்.

யார் அனுப்பினார்களோ தெரியாது. காணாமல் போனவர்களைத் தேடி நாம் இணையத்தில் போட்ட வேண்டுகோளில் பிள்ளைகளின் பெயர், தாய்மார்களின் மின்னஞ்சல் முகவரி எல்லாம் இருந்ததே, அதைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். "உங்கள் மகன் நவ்ஃபல் உயிரோடு இருக்கிறார். அக்கரையில் ஒரு முகாமில் எடுத்த படம் இணைக்கப்பட்டுள்ளது." தெரியாதவர்கள் அனுப்புவதைத் திறக்காதே என்று அந்த அம்மாவுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் திறக்காமல் இருந்திருப்பேன் என்று சொல்ல ஒருத்தியாவது உண்டா? ஒருத்தியாவது?

கை தூக்க வேண்டாம் அம்மா. எனக்குத் தெரியும்.

திறந்தார். படம் இல்லை. அடுப்பில் ஈரவிறகு வைத்தது போல் கணினி திணறியது. ரீம் என்னைக் கூட்டிவர ஓடிவந்தாள். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குரல்பதிவுகள் அனைத்தையும் அந்தக் கயவர்கள் பூட்டிவிட்டார்கள். பெயர்கள் தெரிகின்றன; திறந்தால் பேசவில்லை. திறப்பதற்கு விலை கேட்டு ஒரு அறிவிப்பு. தன் மீன்பிடிப் படகின் எஞ்சினை விற்றுக் கொடுக்கிறேன் என்று கிளம்பியவர் யார்? அவன் வரமாட்டான் என்று சொன்ன அதே அம்மார் அண்ணன். அவர்கள் தந்த முகவரிக்கு எழுதினோம். கெஞ்சி எழுதினோம். பதில் இல்லை. மறுபடி எழுதினோம். பதில் இல்லை. கொள்ளையடித்தவன்கூட அந்தத் தாய்க்குப் பதில் சொல்லவில்லை!

தெரிந்தவர்களையெல்லாம் கேட்டேன். தலைநகர் தூனிஸ்வரை கொண்டுபோய்க் காட்டினேன். இப்போதைக்கு முடியாது, என்றைக்காவது சாவி கிடைத்தாலும் கிடைக்கலாம் என்றார்கள். அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தேன். துணியில் சுற்றி அலமாரியில் வைத்துக்கொண்டார். கணினிக்குப் புதிய டிஸ்க் போட்டேன், புதிய பாதுகாப்புப் போட்டேன். முதல் தட்டிலேயே ஏறிவிட்டது. பச்சை வட்டம் வந்தது. "உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது" என்றது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இப்ப எதக் காக்குறதுக்கு வஸீலா?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் இங்கே யாரிடமாவது இருந்தால் மேடைக்கு வாருங்கள், நான் இறங்கிவிடுகிறேன்.

அவையோரே! வைரஸைப் பற்றிப் பேச வந்தவள் இல்லை நான். இறந்துவிட்டான் என்று ஒருவர் சொல்லியிருந்தால், அந்தத் தாய் அழுது தீர்த்திருப்பாள். அந்தப் பூட்டை உடைக்கச் சம்மதித்திருப்பாள். இருக்கிறான் என்று ஒருவர் சொல்லியிருந்தால், அவனிடமே அந்தச் சொல்லைக் கேட்டு வாங்கியிருப்பாள். சொல்ல வேண்டியவர்கள் சொன்னார்களா? கடலின் இக்கரையில் சொன்னார்களா? அக்கரையில் சொன்னார்களா? உண்மையைச் சொல்ல ஒருவரும் வராத வீட்டில், பொய் வந்து தட்டினால் கதவு திறக்காமல் என்ன செய்யும்? நாம் பிச்சை கேட்கவில்லை. பிள்ளையைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. இருக்கிறானா, இல்லையா? ஒரு சொல். ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் நாளை நாம் ஊர்வலம் போகிறோம். போய் என்ன கிடைக்கும் என்று கேட்டால், ஒன்றும் கிடைக்காமல் போகலாம் என்றுதான் சொல்வேன். பொய் நம்பிக்கை தந்து உங்களை அழைக்க என் நாக்கு கூசுகிறது. ஆனாலும் போவோம். கேட்காமல் இருக்க நமக்குத் தெரியவில்லை, அதனால் போவோம்.

முடிக்கும் முன் அக்காவின் வேண்டுகோள் ஒன்று. உங்கள் கைப்பேசிகளைத் தேடிப் பாருங்கள். நவ்ஃபல் எப்போதாவது உங்களுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பியிருப்பான். வேலை விஷயமாக, வெறும் வம்பாக, எதுவாக இருந்தாலும் சரி. அழித்துவிடாதீர்கள். போன வாரம் ஒரு மீனவர் தேடிப் பார்த்து ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். துறைமுக ஐஸ் கிடங்கில் அவன் வேலைக்கு நின்ற காலத்தில் அனுப்பியது. "அண்ணே, இன்னிக்கு ஐஸ் தீந்துபோச்சு. நாளைக்கு வாங்க." அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அதை இப்போதெல்லாம் அக்காவும் அம்மார் அண்ணனும் ஒரே நாற்காலி ஓரத்தில் சாய்ந்துகொண்டு சேர்ந்து கேட்கிறார்கள்.

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும், கதவோரம் கடைசிவரை எழுந்து போகாமல் இருந்த என் மப்ரூக்கா அக்காவுக்கும் நன்றி. இறைவனின் அமைதி உங்கள் வீடுகளிலும், எங்கே இருக்கிறார்களோ அங்கே நம் பிள்ளைகள் மீதும் இறங்கட்டும். வணங்கி விடைபெறுகிறேன்.