சரசரக்கும் சட்டையும் யோருனின் குரலும்

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனி முடியாது.

தலைமை நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுக்காத நம் மலைமீட்புக் குழுத் தலைவர் ஸ்டைனார் அவர்களே! கம்பும் கயிறுமாகப் பனியிலேயே நரைத்த பெரியவர்களே! அழைப்பு வந்தால் மாவுக் கையோடு பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு மலையேறும் தாய்மார்களே! மலைகளுக்கு நடுவே நீளும் இந்த ஃபியோர்டுக் கடற்கழியின் இரு கரைகளிலும் வாழும் தோழர்களே! மேடை கிடைக்காத ஒருவனின் வணக்கம்.

சென்ற கூட்டத்தில், குழுவுக்கு வாங்கவிருக்கும் புதிய உடைகளைப் பற்றிப் பேசக் கை தூக்கியவர்கள் பலர். தலைவர் என்ன சொன்னார்? "வாஃபிள் ஆறுது, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். பழுப்புப் பாலாடைக்கட்டியோடு அந்த வாஃபிள் பணியாரத்தை விழுங்கினோம். சொல்ல வந்ததையும் சேர்த்து விழுங்கினோம். அந்த அப்புறம் வரவே இல்லை. வியாழக்கிழமை வாக்கெடுப்பு வருகிறது.

அந்தக் கூட்டத்தின் மேசையில் இரண்டு உடைகள் இருந்தன. ஒன்று கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, தகடுபோல் விறைத்தது. மற்றொன்று மங்கிய சிவப்பு. தொட்டால் கம்பளி போல் மெத்தென்றது. மீன் இறங்குதுறைக் குழாயைத் திறந்து இரண்டின் மேலும் பீய்ச்சிப் பார்த்தோம். இரண்டையும் மாற்றி மாற்றி அணிந்து நின்ற நம் குழுத் தோழன் ஐவின் ஒரு சொட்டும் நனையவில்லை. அப்படியென்றால் எதை வாங்கினால் என்ன என்கிறீர்களா?

சென்ற மார்ச் மாதத்து மூடுபனியை அதற்குள் மறந்துவிட்டீர்களா?

படகுத்துறையில் வேலை பார்க்கும் நம் யோருன் அன்று சறுக்குக் கட்டைகளில் தனியே மலையிறங்கினாள். ஓடையின் மேல் கூரையாய் மூடியிருந்த பனி உடைந்து, உள்ளே விழுந்தாள். அவள் வீடு திரும்பவில்லை என்று கணவர் சொல்ல, நாம் தேடப் போனோம். பாதி மழையும் பாதி பனியுமாகக் கொட்டியது. அணிந்து பார்க்கச் சொல்லிக் கடைக்காரர் கொடுத்திருந்த அந்த ஆரஞ்சு உடைகளைத்தான் மாட்டிக்கொண்டு போனோம்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தலைவர் கம்பை உயர்த்தினால் அத்தனை பேரும் நிற்க வேண்டும். காணாமல் போனவரின் பெயரைக் கூப்பிட வேண்டும். பிறகு செவி ஒன்றே உடம்பாக நிற்க வேண்டும். நின்றோம். கூப்பிட்டோம். எதைக் கேட்டோம்? நம்மையே கேட்டோம்! தலையைத் திருப்பினால் சரசர. மூச்சை இழுத்தால் மொறமொற. முக்காட்டின் மேல் விழுந்த ஒவ்வொரு துளியும் படபட. அந்தச் சரிவில் இருமுறை ஏறி இறங்கினோம். கடைசியில் ஐவின்தான் வாய் திறந்தான்.

"ஸ்டைனார், எனக்கு உன் சட்டைதான் கேக்குது. மலை கேக்கல."

உள்ளதை மறைக்கமாட்டேன். அன்று ஸ்டைனார் இட்ட ஆணையை இட எல்லாத் தலைவருக்கும் துணிவு வராது. "கழட்டுங்க. எல்லாரும் கழட்டுங்க" என்றார்.

கொட்டும் பனியில் உள்சட்டையோடு நின்றோம். தோழர்களே, அந்த நிசப்தத்தை நான் எப்படிச் சொல்வேன்! பனியின் மேல் பனி விழுவது கேட்டது. எங்கோ ஒரு பாறையில் நீர் சொட்டுவது கேட்டது. காலடியில், ஆழத்தில், ஓடை முணுமுணுப்பது கேட்டது. அந்த முணுமுணுப்புக்குள் ஓர் இழை, நூலினும் மெல்லிய இழை, மனிதக் குரலின் இழை! இத்தனை பெரிய மலை, இத்தனை சிறிய குரலைத் தன் மடியில் ஏந்தி வைத்திருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கண்ணீர் வந்தவர்கள் துடைக்கவும் இல்லை. கை அசைந்தால் குரல் தொலைந்துவிடுமோ என்ற அச்சம்.

தோண்டித் தூக்கினோம். நீலம் பாய்ந்த உதடுகளால் யோருன் என்ன சொன்னாள்?

"ரெண்டு தடவ என் தலைக்கு மேலயே போனீங்க. கத்துனேன். உங்க சட்டைச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. என் சத்தம் உங்களுக்குக் கேக்கல."

உள்சட்டை நனைந்து குளிரில் நடுங்கி விழுந்த ஐவினையும் இன்னொரு சறுக்குவண்டியில் கிடத்திக் கீழே இறக்கினோம். நனையாமல் இருப்பதா, காது கேட்பதா? மீட்கப் போகிறவனிடம் கேட்கத் தகுந்த கேள்வியா இது?

"ஆரஞ்சுன்னா ஹெலிகாப்டர்ல இருந்து தெரியும்" என்கிறார் தலைவர். தெரியட்டும். சிவப்பின் மேல் ஒளிப்பட்டை தைத்தால் அதுவும் தெரியும். சரசரப்பை எந்த ஊசி கொண்டு தைத்து அடைப்பீர்கள்?

"பழைய பகைய இங்க வந்து தீக்குறான்" என்று பின்வரிசையில் யாரோ சொல்வீர்கள். ஆம், பகை உண்டு. வாஃபிளுக்காக வாயடைத்ததை நான் மறப்பவன் அல்லன். ஆனால் பகை என் ஒருவனுடையது. அடுத்த பள்ளம் உங்கள் வீட்டுப் பிள்ளையுடையதாக இருக்கலாம்.

ஆகவே வியாழனன்று உடையைத் தடவிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அணியுங்கள். தலைக்கவசத்தின் மேல் முக்காட்டை இழுத்துவிட்டுத் தலையைத் திருப்புங்கள். கையைத் தூக்குங்கள், தோள் இழுக்கிறதா? குனியுங்கள், முதுகு வெளியே தெரிகிறதா? ஜிப்பின் நுனி கிணுகிணுக்கிறதா? பிறகு யோருனைக் கூடத்தின் மறுகோடியில் நிறுத்தி, மெல்லப் பேசச் சொல்லுங்கள். எந்த உடைக்குள் இருந்தபோது அவள் சொன்னது கேட்டதோ, அந்த உடைக்கு வாக்களியுங்கள்.

நின்று படித்த கால்களுக்கு நன்றி. முகம் சுளித்தும் முடிவுவரை வந்த கண்களுக்கு நன்றி. மலையேறும் ஒவ்வொருவரும் மாலையில் வீடு திரும்புக! வணக்கம்.

இதை நம் குழுவின் குடிலில் ஈர உடைகளை உலர்த்தும் அறையின் கதவில் ஒட்டப் போகிறேன். அடியில் பெயரெழுதப் பேனாவைத் திறந்தேன். பெயரைக் கண்டால், சொன்னதை விட்டுவிட்டு என்னை எடைபோடுவீர்கள், "இவன் எப்பவுமே இப்படித்தான்" என்று ஸ்டைனார் சிரிப்பார், ஆரஞ்சு வென்றுவிடும். பேனாவை மூடிவிட்டேன். பெயரில்லாமலே ஒட்டுகிறேன்.