எனக்கும் வேண்டும் அந்தக் கொடுப்பனவு

வயல் வேலையை வரம்பிலே விட்டுவிட்டு வந்து இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் கூட்டுறவுச் சங்கத் தலைவர் கதிர்காமநாதன் ஐயா அவர்களே! முன்வரிசைக் கதிரைகளை நிறைத்து வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியில் இருத்திக்கொண்டு செவிமடுக்கும் தாய்மார்களே! பூநகரிக் களப்பிலே வலை வீசும் சகோதரர்களே, வயலிலே வியர்வை சிந்தும் உழவர்களே, கடைவீதி வணிகர்களே! அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

அரசாங்கம் தரும் உதவிக் கொடுப்பனவை, இல்லாதவரை மட்டும் அளந்து பார்த்துக் கொடுப்பதா? வரி கட்டுகிறவர் உட்பட எல்லோருக்கும் பொதுவாகக் கொடுப்பதா? நாம் அனுப்பப்போகும் மனுவில் எதைக் கேட்பது? அரிசி ஆலை நடத்தி வரி கட்டுகிறவள் நான். இல்லாதவருக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். இன்றோ அதை நினைத்தாலே என் நெஞ்சு பதைக்கிறது. ஏன் பதைக்கிறது? சொல்கிறேன்.

அதோ, தூண் ஓரமாக அமர்ந்திருக்கிறாரே நாகேஸ்வரி அக்கா, அவருடைய சம்மதத்தோடுதான் இந்தக் கதையைச் சொல்கிறேன். அவருடைய கணவர் குகதாசன் அண்ணருக்குச் சலரோகம், அதுதான் நீரிழிவு. ஊசிமருந்து இல்லாமல் உயிர் இல்லை. அந்த மருந்து வெயிலில் கெட்டுவிடக் கூடாதென்று, ஆடைத் தொழிற்சாலையில் உழைத்த மகள் ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். அது ஆடம்பரமா? அந்த வீட்டுக்கு அது மருந்துப்பெட்டி! ஆயுள்பெட்டி!

போன பங்குனியில் கணக்கெடுக்க வருகிறார்கள் என்ற செய்தி வந்தது. வீட்டில் என்ன இருக்கிறது, மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்றெல்லாம் பார்த்துத்தான் கொடுப்பனவாம். நாகேஸ்வரி அக்கா நடுங்கிப்போனார். பக்கத்து வீட்டு றாபியாவிடம் ஓடினார்.

"தங்கச்சி, இந்தப் பிரிட்ஜை அவங்கள் வந்து போகும்வரைக்கும் உங்கட வீட்டில வைச்சிருக்கிறீங்களே?"

இடம்பெயர்ந்து பல ஊர் அலைந்து மீண்டு வந்த குடும்பம் றாபியாவுடையது. அவர் கண் கலங்கிச் சொன்னார்:

"அக்கா, குறை நினையாதேங்கோ. எங்கட பேர் இப்பதான் பட்டியலில சேர்ந்திருக்கு. இதைக் கண்டா எங்களையும் வெட்டிப்போடுவினம்."

யாரைக் குற்றம் சொல்வீர்கள்? கேட்டவரையா? மறுத்தவரையா? ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிய இரண்டு பெண்களை ஒருவருக்கொருவர் அஞ்ச வைத்தது எது?

பெட்டி மாட்டுக்கொட்டிலுக்குப் போனது. அதை மறைக்கத் தறப்பாள் விரிப்பு விழுந்தது. மருந்தோ குசினியில், ஒரு சமையல் சட்டித் தண்ணீரில். இன்றைக்கு வருவார்கள், நாளைக்கு வருவார்கள் என்று பார்த்திருக்க, கணக்கெடுப்புத் தள்ளித் தள்ளிப் போனது. வெயிலோ ஏறி ஏறி வந்தது. தகரக் கூரை கொதித்தது, சட்டித் தண்ணீர் சுட்டது, மருந்து வலுவிழந்தது. தாகம், தாகம் என்று குகதாசன் அண்ணர் குடம் குடமாய்க் குடித்தார். ஒரு நண்பகலில் வாந்தியெடுத்து, மூச்சு வாங்கி, முற்றத்தில் சாய்ந்தார்.

எனக்குத் தொலைபேசி எடுத்தவர் யார் தெரியுமா? அதே றாபியா! "தாட்சாயினி அக்கா, லொறியைக் கெதியா அனுப்புங்கோ, பஸ்ஸைப் பாத்துக்கொண்டு நிண்டா மனிசன் செத்துப்போவார்!"

லொறியோடு நானே ஓடி வந்தேன். நெல் மூட்டைகளுக்கு நடுவே அவரைக் கிடத்தினோம். தலையை மடியில் தாங்கி நாகேஸ்வரி அக்கா. மறுபுறம் விசிறிக்கொண்டு றாபியா. அந்த நீண்ட தெருவில் நான் வேண்டாத தெய்வமில்லை.

ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது? கேளுங்கள் தாய்மார்களே! வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்களா? மின்கட்டண ரசீதைக் காட்டச் சொன்னார்களா? இல்லை! தூக்கிப் படுக்கவைத்தார்கள், ஊசி ஏற்றினார்கள், உயிரைத் திருப்பித் தந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரிய கடை முதலாளி. அவருக்கும் அதே வைத்தியர், அதே மருந்து. யாரும் கூனிக் குறுகி நிற்கவில்லை. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் என் எண்ணம் மாறியது.

(கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "அப்ப மில் முதலாளி உங்களுக்கும் காசு வேணுமோ?")

யாரது? ஏரம்பு அண்ணையா! நல்ல கேள்வி. ஓம் அண்ணை, எனக்கும் வேண்டும்! எனக்கும் தரட்டும், என்னிடம் கூடுதலாய் உள்ளதை வரியாகத் திருப்பி எடுக்கட்டும். என் வருமானத்தை வரிக் கந்தோரில் அளக்கட்டும். ஏழையின் குசினிக்குள் வந்து அளக்க வேண்டாம்! இன்னொன்றும் சொல்கிறேன். எனக்கும் கிடைத்தால், அதைக் குறைக்க வரும் நாளில் நானும் உங்களோடு தெருவில் நிற்பேன். உங்களுக்கு மட்டும் என்றால், என்னைப் போன்றவர்கள் வாய் மூடிக்கொண்டு வீட்டில் இருப்போம். இதுதான் உண்மை அண்ணை.

குகதாசன் அண்ணர் உயிரோடு இருக்கிறார். ஆனால் கண்பார்வை மங்கிவிட்டது. கணக்கெடுப்பு முடிந்து கொடுப்பனவு வந்தது, பயம் போகவில்லை. மீளாய்வு வரும் என்கிறார்கள். அதனால் அந்தப் பெட்டி இன்று என் ஆலையில் ஓடுகிறது. காலையும் மாலையும் ஊசி மருந்துக்காக நாகேஸ்வரி அக்கா வயல்வெளி கடந்து சைக்கிளில் வருகிறார். மாரி பிறந்தால் அந்தப் பாதை வெள்ளத்தில் மூழ்குமே! அப்போது என்ன செய்வது? நேற்று இதைக் கேட்டேன். "அதை நினைச்சா நித்திரையே வருகுதில்லை, தங்கச்சி" என்றார். எனக்கும் வருவதில்லை, சபையோரே!

இங்கு வரும் வழியிலும் பார்த்தேன். சிலர் மோட்டார் சைக்கிளை உறவினர் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். சிலர் தொலைக்காட்சியைச் சாக்கில் கட்டுகிறார்கள். உழைத்து வாங்கியதை ஒளித்து வைக்கும் ஊர் எப்படி உருப்படும்? கொஞ்சம் நிமிர்ந்தால் வெட்டுவார்கள் என்று அஞ்சுகிற பிள்ளை எப்படி நிமிரும்?

ஆகவே மனுவில் எழுதுவோம்: எல்லோருக்கும் கொடுங்கள், இருப்பவரிடம் வரியாய் எடுங்கள். சம்மதிப்பவர்கள் கையை உயர்த்துங்கள். ஏரம்பு அண்ணை, யோசித்து உயர்த்துங்கோ, அவசரமில்லை. றாபியா, நீங்கள் அஞ்ச வேண்டாம். இங்கே யாரும் பெயர் எழுதவில்லை.

பொறுமையோடு செவி தந்த உங்களுக்கு நன்றி. பேச இடம் தந்த தலைவருக்கு நன்றி. மழைக்கு முன் நல்ல பதில் வரட்டும் என்ற பதைப்போடு அமர்கிறேன். வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.