கைராசிக்காரன்

ரவுட்டரை எப்போதும் உயரமான இடத்தில்தான் வைக்க வேண்டும். அலமாரிக்குள் வைத்து மூடிவிட்டு, சிக்னல் வரவில்லை என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் திருத்தணியில் நிறையப் பேர். எல்லப்பன் மாமா வீட்டில் நானே ஆணி அடித்து, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினேன். கௌரி அத்தை அதற்கும் சேர்த்துக் குங்குமம் வைத்தாள்.

மாமா வீடு கே.ஜி.கண்டிகையில். மலையடிவாரத்தில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. மாமா கழனி வேலை செய்து மகள் துர்காவை எஞ்சினீயரிங் படிக்க வைத்திருந்தார். பெங்களூரில் ஒரு கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அது 2009, கம்பெனிகளெல்லாம் ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருந்த வருஷம். சேரும் தேதியை மெயிலில் சொல்கிறோம் என்று மாதக்கணக்கில் காக்க வைத்தார்கள். அந்த மெயிலுக்காகவே நான் கடையில் ஒரு பழைய லேப்டாப்பைச் சரிசெய்து கொடுத்தேன், நெட் கனெக்‌ஷனும் போட்டுக் கொடுத்தேன். துர்காவுக்கு நான் முறைமாப்பிள்ளை. பேச்சு வந்த நாளிலிருந்து என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள். நான் யாரோ எவனோ இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு லேப்டாப்புக்கும் பிறவியிலேயே ஓர் எண் உண்டு. அந்த எண்ணை ரவுட்டருக்குள் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டால், பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் உள்ளே விடாது. முதல் தடவை விளையாட்டுக்குத்தான் துர்காவின் எண்ணைச் சேர்த்தேன். மறுநாளே போன் வந்தது.

"பாவா, இது சுத்திகினே கீது. கனெக்ட் ஆவ மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

போனேன். சிக்னல் பார்ப்பதாகச் சொல்லி, என் லேப்டாப்பைத் திறந்து பட்டியலிலிருந்து அவள் எண்ணை நீக்கினேன். பிறகு அவளுடையதன் மேல் கை வைத்தேன். உடனே கனெக்ட் ஆனது. அத்தை டீ டம்ளரை நீட்டினாள்.

"அசோக்கு கைராசிக்காரன்டி. தொட்டா போதும்."

அந்த வார்த்தையைக் கொண்டுவந்தது நானில்லை. கிளம்பும்போது எண்ணை மறுபடி சேர்த்துவிட்டு, என் லேப்டாப்பைப் பைக்குள் வைத்தேன்.

இப்படி மூன்று மாதம் நடந்தது. துர்கா சும்மா இருக்கவில்லை, படித்த பெண். விண்டோஸை மூன்று தடவை அழித்துப் போட்டாள். கேபிள் இருந்தால் நேராகச் சொருகிப் பார்த்திருப்பாள். அதை நான் முதலிலேயே கடைக்கு எடுத்து வந்துவிட்டேன். ரவுட்டர் செட்டிங்குக்குள் போகும் பாஸ்வேர்டைக் கேட்டாள். அது எனக்கே தெரியாது என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். அவள் தொட்டால் வருவதில்லை, நான் தொட்டால் வருகிறது. கண்ணால் பார்த்த பிறகு காரணம் தேடுகிறவர்கள் யார்?

ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மெயில் வந்தது. அவள் மெயிலை ஆரம்பித்துக் கொடுத்தவன் நான், அதன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், தினமும் கடையிலிருந்து பார்த்துவிடுவேன். ஏழு நாளுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும் என்றிருந்தது. படிக்காத மெயில் போலவே அதை வைத்துவிட்டேன். அந்த ஏழு நாளும் எண்ணை நீக்கவில்லை. பெங்களூருக்குப் போன பெண் பாவாவைத் தேடுவாளா? எனக்கு அந்தப் பயம் இருந்தது. இருந்ததை மறைக்கவில்லை.

"பிரவுசிங் சென்டருக்குப் போயி பாத்துட்டு வரட்டுமா பாவா?"

"பாஸ்வேர்டைத் திருடிடுவானுங்க. கிருத்திகைக் கூட்டம் வேற, பஸ்ஸு எங்க வருது? ஒரு தபா மலைக்கி எட்துனு போ. சாமி கால்ல வெச்சு எட்துனு வா."

அவள் வெறுங்காலோடு முந்நூற்றறுபத்தைந்து படியும் ஏறினாள். காவடிக் கூட்டத்தில் இடிபடாமல் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே நானும் ஏறினேன். குருக்கள் அதன் மேல் விபூதி தூவிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து திறந்தாள், வரவில்லை. நான் தொட்டேன், அப்போதும் வரவில்லை.

"இவன் கைக்கே வரலன்னா அப்பறம் என்னா கீது?" என்று மாமா எழுந்து போய்விட்டார்.

துர்கா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"எனுக்குத்தான் ராசி இல்ல போல பாவா."

நான் லேப்டாப்பை மூடி அவள் மடியில் வைத்தேன்.

எட்டாம் நாள் எண்ணை நீக்கிவிட்டுத் தொட்டேன். கனெக்ட் ஆனது. அவள் மெயிலைப் படித்தாள், தேதியைப் பார்த்தாள். அன்றே எழுதிக் கேட்டாள். இடம் வேறொருவருக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று அத்தைதான் அழுதாள். ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம். ராசியில்லாத பெண்ணைக் கட்டிக்கொண்டவன் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர்.

அவளை நான் ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. கடைக்கு வருவாள், எந்த மெஷினையும் தொடமாட்டாள். பொங்கல் பானையில் அரிசி போடமாட்டாள். மாமா விதைக்கும்போது விதைக்கூடையைத் தூக்கிக் கொடுக்கக்கூட மாட்டாள். நானாக எதையும் வேண்டாமென்று சொன்னதில்லை.

போன மாதம் பெண் குழந்தை பிறந்தது. நான் உள்ளே போனபோது அது கத்திக்கொண்டிருந்தது. நர்ஸ் துர்காவிடம் நீட்டினாள். அவள் இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் வழிந்தது.

"என் கை வாணாம் பாவா. மொதல்ல நீங்க தொடுங்க."

ஒரே ஒரு வாக்கியம் போதும், அவள் கை வெளியே வந்திருக்கும். அது நாக்கு வரைக்கும் வந்தது. நான் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டேன். நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, அந்த நிமிடமே அழுகை நின்றுவிட்டது. யார் என்ன சொன்னாலும், எனக்குக் கைராசி உண்டு.