ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடினால்

ஒரு குழந்தை சீட்டைக் காரில் ஒழுங்காகப் பொருத்தப் பதினொரு நிமிடம் ஆகும், மேடம். அட்டைப்பெட்டியின் மேல் 'இரண்டே நிமிடம்' என்று போட்டிருப்பார்கள். அதை எழுதியவருக்குக் குழந்தையும் இல்லை, காரும் இல்லை என்பது என் கணிப்பு.

நீங்கள் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. உங்களுக்கு வேண்டியது பட்டியல். நான் தளர்வாக விட்டு அனுப்பிய சீட்டுகள் யார் யார் காரில் இருக்கின்றன, அவ்வளவுதானே. நூற்று நாற்பத்து மூன்று. மழலையர் பள்ளி விடும் நேரம் இது. பாதியாவது இப்போது தெருவில் ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளைகளோடு. தருகிறேன். தரமாட்டேன் என்று நான் ஒருமுறையும் சொல்லவில்லை. முதலிலிருந்து சொல்ல விடுங்கள் என்றுதான் கேட்டேன். பட்டியல் கைக்கு வந்துவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அப்புறம் நான் யாரிடம் சொல்வது, இந்த ஸ்டேஷன் மின்விசிறியிடமா.

என் வேலை கடையின் கீழ்த்தளத்தில். மேலே இரண்டு மாடி முழுக்கத் தொட்டில், தள்ளுவண்டி, பால் புட்டி. கீழே கார் நிறுத்துமிடத்தில் மஞ்சள் கோடு போட்ட ஒரு சதுரம், அதுதான் என் ராஜ்ஜியம். சீட் வாங்கியவர்கள் காரைச் சதுரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நான் மாட்டிக்கொடுப்பேன். இலவசம். இலவசத்துக்குக் கிடைக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியாததல்ல.

காரின் பெல்ட்டை சீட்டின் முதுகுப் பக்கத் துளையில் நுழைத்து, மறுபக்கம் வாங்கி, கொக்கியில் மாட்ட வேண்டும். பிறகு ஒரு முழங்காலை சீட்டுக்குள் ஊன்றி, உடம்பின் எடை முழுவதையும் அதன் மேல் இறக்கி, மிச்சப் பெல்ட்டை இழுத்துப் பூட்ட வேண்டும். முழங்கால் ஊன்றாமல் மாட்டியது சீட் அல்ல, காட்சிப் பொருள். எல்லாம் முடிந்ததும் பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து இடமும் வலமுமாக இழுத்துப் பார்க்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடினால் முதலிலிருந்து ஆரம்பி. அந்த இழுப்புக்கு ஆகும் நேரம் இரண்டு விநாடி.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி இழுப்பை நான் இழுத்தால் போதாது, பெற்றோர் இழுக்க வேண்டும். இழுத்துவிட்டு, 'நானே இழுத்துப் பார்த்தேன், ஆடவில்லை' என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதை யோசித்தவர் வக்கீலாகத்தான் இருப்பார். ஆனாலும் நல்ல வழக்கம். அதன் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. அந்தக் கடையில் அதை மதித்தவன் நான் ஒருவன்தான்.

ஒருநாள் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். நான் சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காருக்குள் வைத்திருந்தேன், அவ்வளவுதான். பெல்ட்டைத் தொடவே இல்லை. முழங்காலுக்குக் கட்டும் பட்டையைத் தேடத் திரும்பினேன். அவர் போனில் பேசிக்கொண்டே தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"சார், இன்னும் மாட்டவே இல்ல."

"சூப்பர்ப்பா, சூப்பர்," என்றார்.

நான் சிரித்தேன். நீங்களும் இப்போது லேசாகச் சிரித்தீர்கள், எழுதிக்கொண்டிருக்கும் அண்ணனே பார்த்தார். சீட்டை மாட்டிக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, தாளைக் கொண்டுபோய் மேலாளரிடம் காட்டினேன்.

"கையெழுத்து இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு சார்."

"அப்புறம் நமக்கென்னப்பா கவலை? நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

அடுத்த வாரம் முதல் என் வேலைமுறையில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். பதினொரு நிமிடம் எடுத்து ஒழுங்காக மாட்டுவேன். பிறகு பூட்டைத் திறந்து பெல்ட்டை நாலு விரல் தளர்த்திவிட்டுத் தாளை நீட்டுவேன். இழுத்தால் சீட் தொண்ணூறு வயதுப் பல்லைப் போல ஆடும். இழுத்துப் பார்த்தவரிடம் மன்னிப்புக் கேட்டு இறுக்கிக் கொடுப்பேன். இழுக்காமல் கையெழுத்துப் போட்டவருக்கு, மை காய்வதற்குள் நானே ஆட்டிக் காட்டுவேன். அவர் முகம் போகிற போக்கை ரசித்துவிட்டு இறுக்கிக் கொடுப்பேன். இப்படியே போன இரண்டு மாதத்தில் என் சதுரத்தைத் தாண்டித் தளர்ந்த சீட் ஒன்றுகூட வெளியே போகவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணா, விட்டுவிடாதீர்கள்.

ஒரு பேராசிரியை புகார் எழுதினார். மூன்று பக்கம், பத்தி பிரித்து. பெற்ற பிள்ளையின் முன்னால் தன்னை முட்டாளாக்கிவிட்டேனாம். பிள்ளைக்கு வயது நான்கு மாதம். மேலாளர் என்னைக் கூப்பிட்டார். தளர்த்துவதே நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. முதல் தடவை சரியாக உட்காராத சீட்டுகளை நான் ஆட்டிக் காட்டி மானத்தை வாங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வர்றவங்களுக்குப் பரீட்சை வைக்கற வேலையெல்லாம் உனக்கு வேணாம். கையெழுத்துப் போட்டாங்களா, சிரிச்சுக்கிட்டே அனுப்பு. வாயே தெறக்காத."

நான் சொன்ன பேச்சைக் கேட்பவன். வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டேன். தளர்த்துவதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். நான் எங்கோ உட்கார்ந்து திட்டம் தீட்டியதாக உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அந்த அளவுக்கு எனக்குச் சுறுசுறுப்பு கிடையாது.

அதற்குப் பிறகு பத்து மாதத்தில் நூற்று ஐம்பத்து மூன்று குடும்பங்கள் வந்தன. இழுத்துப் பார்த்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஒருவர் கிரேன் ஓட்டுபவர். தரையில் உட்கார்ந்து, காலைக் காரில் உதைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்தார். "என்னா தம்பி, சீட்டு கேட்டா ஊஞ்சல் கட்டிக் குடுத்திருக்க?" என்றார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அப்படி ஒருவர் வருவதற்காக மாதக்கணக்கில் காத்திருக்கலாம், மேடம்.

மிச்சம் நூற்று நாற்பத்து நாலு. அதில் ஒரு கார் இனி ஓடாது. ஆகவே நூற்று நாற்பத்து மூன்று.

கார் கிளம்பும்போது பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கையாட்டும். நானும் கையாட்டுவேன். கையாட்டாமல் இருப்பது மரியாதை இல்லை.

கொல்ல நினைத்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. யாராவது உன்னிடம் வாய்விட்டு, இது கெட்டியாக இருக்கிறதா என்று கேட்டார்களா என்றும் கேட்டீர்கள். அதுவும் இல்லை. நான் யாரிடமும் ஒரு பொய் சொன்னதில்லை. தாளில் இருப்பதைச் செய்யுங்கள் என்று தாளை நீட்டினேன், செய்ததாக அவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். பொய் சொன்னது யார்? பிள்ளைக்காக உயிரையே கொடுப்பேன் என்பவர்கள் இவர்கள். உயிரை யார் கேட்டது. நான் கேட்டது இரண்டு விநாடி.

"தம்பி, பட்டியல்," என்கிறீர்கள். இதோ, வந்துவிட்டேன்.

முந்தாநாள் சனிக்கிழமை காலை அக்காவும் அத்தானும் குழந்தையோடு வந்தார்கள். அக்கா மகளை வீட்டில் உருண்டை என்போம். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அப்படித்தான் இருப்பாள். அடுத்த மாதம் இரண்டு வயது ஆகியிருக்கும். பழைய சீட் பத்தவில்லை. அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு மேலே தொப்பி பார்க்கப் போனாள். அத்தான் காரை என் சதுரத்தில் நிறுத்தினார்.

அத்தானுக்குக் காப்பீடு விற்கும் வேலை. படிக்காமல் கையெழுத்துப் போட வைப்பதில் அந்த வட்டாரத்திலேயே அவர்தான் முதல். நான் முழங்காலை ஊன்றி இழுக்க, பக்கத்தில் நின்று ஊக்கம் கொடுத்தார்.

"எஞ்சினியரிங் படிக்க வச்சது இந்தப் பெல்ட்ட இழுக்கத்தானா மாப்ள? இழு, இழு. அரியர் எல்லாம் அதோட சேந்து வந்துடப் போகுது."

நல்ல மனிதர். எல்லாரையும் அப்படித்தான் பேசுவார். ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்று. சொந்தக்காரருக்கு ஒரு நியாயம், ஊராருக்கு ஒரு நியாயம் என்றால் நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு நான் என்ன பதில் சொல்வது? நாலு விரல் தளர்த்தினேன். தாளை நீட்டினேன்.

மனசு கேட்கவில்லை. மேலாளரின் உத்தரவை மீறி வாயைத் திறந்தேன். இது என் பக்கம் எழுதப்பட வேண்டிய விஷயம். "அத்தான், ஒருதடவை இழுத்துப் பாருங்க," என்றேன்.

"போடா. நீ போட்டத நான் இழுத்துப் பாக்கறதா? நீ என்ன வெளியாளா?" என்றார். பானெட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பின்பக்கமும் ஒன்று வேண்டுமா என்று கேட்டார், தொழில் பழக்கம். கார் போய்விட்டது.

இரண்டாவது சிக்னலில் முன்னால் போன தண்ணீர் லாரி சட்டென்று நின்றது. அத்தான் அதன் மேல் இடித்தார். பெரிய வேகம் ஒன்றும் இல்லை. அவருக்கு மார்பில் பெல்ட் அழுத்திய கோடு, அக்காவுக்கு உதடு கிழிந்தது. குழந்தை சீட் முன்னால் போய் அக்காவின் இருக்கை முதுகில் மோதியது. நாலு விரல் தளர்வு அந்த நேரத்தில் எவ்வளவு தூரம் ஆகிறது என்று உங்கள் ஆட்கள் அளந்திருப்பார்கள். உருண்டை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டாள்.

அழுதாயா என்று கேட்டீர்கள். அழுதேன். அது வழக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தான் என் தோளில் சாய்ந்துகொண்டு, "எப்படி மாப்ள, நீதானே மாட்டின," என்றார். எதிர்பார்க்கும் ஆறுதலைச் சொல்ல எனக்கு வரவில்லை, உள்ளதைத்தான் சொன்னேன். "இழுத்துப் பாக்கச் சொன்னேனே அத்தான். நாலு விரல் விட்டிருந்தேன்." அதன் பிறகுதான் அவர் என் சட்டையைப் பிடித்தார், நீங்கள் வந்தீர்கள்.

சரி. பட்டியல் கடையின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. காட்சிக்கு வைத்திருக்கும் பச்சை சீட்டின் உறையைக் கழற்றுங்கள். முதுகுக்குள் தாள்கள் இருக்கும். கையெழுத்துத் தாள்களை மேலாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பத்து மாதமாக நான் ஒப்படைக்கவில்லை, அவரும் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. ஒவ்வொன்றிலும் பெயர், போன் எண், கார் எண் எல்லாம் உண்டு. போய் எடுத்து வரச் சொல்லுங்கள். நான் எங்கே போய்விடப் போகிறேன்.

*

வந்துவிட்டதா. நல்லது. பக்கத்து அறையில் போன் பேசுவது கேட்கிறது.

"சார், ஸ்டேஷன்ல இருந்து பேசறோம். கார்ல இருக்கற குழந்தை சீட்ட ஒருதடவை இழுத்துப் பாருங்க... இல்ல சார், விளம்பரம் இல்ல... சார், கொஞ்சம் கேளுங்க சார்... ஹலோ?"

இதோ, அவரே வந்து சொல்கிறார், கேளுங்கள். "கட் பண்ணிட்டாரு மேடம். கடையிலயே செக் பண்ணிட்டாங்களாம், கையெழுத்துகூடப் போட்டிருக்காராம்."

முதல் போன், மேடம். இன்னும் நூற்று நாற்பத்து இரண்டு இருக்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை.

அந்த இன்னொரு தாளை ஏன் எடுக்கிறீர்கள்? யாருடையது? அக்காவுடையதா. நேற்றே வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டாளா. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் உங்கள் நேரம் மிச்சமாகியிருக்கும்.

ஆமாம். கேட்டாள்.

அத்தான் கையெழுத்துப் போட்ட பிறகு அவள் உருண்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். சீட்டில் உட்கார வைத்தாள். தோள் நாடாவை இறுக்கி, விரலால் கிள்ளிப் பார்த்தாள். விரலில் மடிப்பு சிக்கவில்லை, அப்படியென்றால் நாடா இறுக்கம். அந்தச் சதுரத்தில் ஒரு பெற்றோர் அதைத் தானாகச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு அவள் கை கீழே, பெல்ட் நுழையும் இடத்துக்குப் போனது. பிடித்தும்விட்டாள். பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்து, "டேய், கெட்டியா இருக்குல்ல?" என்றாள்.

"கெட்டியா இருக்குக்கா," என்றேன்.

கையை எடுத்துவிட்டாள்.

அதைப் பொய் என்று எழுதாதீர்கள். நான் என்ன சொன்னாலும் அவள் இழுத்துப் பார்த்துவிடுவாள் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்து நான் சொன்ன எதையும் அவள் அப்படியே ஏற்றுக்கொண்டதில்லை. அன்றைக்கு மட்டும் ஏற்றுக்கொள்வாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கூடப் பிறந்தவளை நம்பியது குற்றம் என்றால், அதை ஒப்புக்கொள்கிறேன்.