பனியைப் பார்க்காத தோல்

சத்தியம் வாங்க இங்கே ஒரு பைபிள்கூட இல்லை. அதனால் ஆறிப்போன இந்தக் காபிக் குவளைமேல் கைவைத்துச் சொல்கிறேன்: இனி நான் பேசுவதில் ஒரு சொல்கூடப் பொய் இருக்காது. காபி மட்டும் கொஞ்சம் சூடாக இருந்திருக்கலாம், ஷெரிப்.

என் பெயர் ஹூபர்ட் கெசிங்கர். மிசூரியின் இந்த மூலையில் ரக்கூன் தோல் பதனிடுவது எனக்குப் பொழுதுபோக்கு. விற்பதில்லை. கொழுப்பை வழித்து, உப்பும் படிகாரமும் போட்டு ஊறவைத்து, பலகை விளிம்பில் இழுத்து இழுத்து மிருதுவாக்குவேன். ஒருமுறை துணிக்கொடியில் காயப்போட்ட தோலை உயிருள்ள ரக்கூன் என்று நம்பி, ஊர் வேட்டைநாய்கள் இரண்டு நாள் என் வீட்டைச் சுற்றி நின்று குரைத்தன. மூன்றாம் நாள் தோலே சலித்துப்போய் உள்ளே வந்துவிட்டது.

டெல்மர் புரூயிட்டை உங்களுக்குத் தெரியும். ஜனவரியில் தீயணைப்புக் கூடத்தில் நடக்கும் தோல் போட்டிக்கு அவன்தான் நடுவர். ரோமத்தில் ஊதி அடிமயிரின் அடர்த்தியைப் பார்ப்பான். பிறகு தோலைத் திருப்புவான். நல்ல குளிரில் பிடித்த ரக்கூனின் தோல் உட்புறம் பால்போல் வெளுத்திருக்கும். நவம்பரில் வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முன்பே திருட்டுத்தனமாகப் பிடித்தது நீலம் பாரித்திருக்கும். என்னுடையது வெளுப்பு. பார்வைக்கு நன்றாக இருக்கட்டுமே என்று உட்புறத்தை வழக்கத்தைவிட மெல்லிசாகச் சீவியிருந்தேன், அவ்வளவுதான்.

டெல்மர் ஊதினான். விரலால் லேசாக இழுத்தான். ஒரு கொத்து மயிர் கையோடு வந்தது.

“ஹூபர்ட்டு, மயிர்வேரு அறுந்துபோற அளவுக்கு ஏன்டா சீவின? நீலத்த மறைக்கவா?”

“மென்மைக்குடா.”

“இது பனியப் பாக்காத தோலு. அக்டோபர்ல புடிச்சது.”

“டிசம்பர்.”

“இத மாட்டிக்கிட்டு டிசம்பர்ல அலைஞ்சிருந்தா, பாவம், குளிர்லயே செத்திருக்கும். நீ புடிக்கவே வேண்டியிருந்திருக்காது.”

கூடமே சிரித்தது. பீன்ஸ் சூப் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள்கூட.

மறுநாளே எனக்குப் பெயர் மாறிவிட்டது. உணவகத்தில் லொரெட்டா, “அக்டோபர் மாமா, காபி ஊத்தவா?” என்றாள். தீவனக்கடை வெய்ன், “என்ன அக்டோபரு, வெளிய ரொம்பக் குளிருதா?” என்றான். வாழ்நாள் முழுக்கப் பொய் பேசாதவன் என்று பெயரெடுத்தவன் நான். எனக்கென்று இருந்தது அந்த ஒரு பெயர்தான்.

டெல்மர் வீட்டுக்குப் போய்த் தன்மையாகவே கேட்டேன். “தீர்ப்ப மாத்திக்கடா. வேற ஒண்ணும் வேணாம்.”

“தோலு சொன்னதத்தான்டா நான் சொன்னேன். சந்தேகம்னா அதுகிட்டயே போய்க் கேளு.”

கேட்டுப் பார்த்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை.

பழைய கல்குவாரிக் குளத்தில் கரையோரமே நல்ல ஆழம். அங்கே அடியில் ஓர் ஊற்று உண்டு. அதற்கு மேலே பனிக்கட்டி எப்போதும் மெல்லிசு. பொறி வைக்கிறவர்கள் அந்த இடத்தில் ஒரு சீடர் மரக்கிளையை நட்டுவைப்பார்கள், மற்றவர்கள் விலகிப் போவதற்காக. அடுத்தவன் பொறியில் ரக்கூன் திருடுகிறவன்கூட அந்தக் கிளையைத் தொடமாட்டான். நான் தொட்டேன். பிடுங்கிக் குளத்தின் உள்பக்கம் தள்ளி நட்டேன். பழைய துளையைப் பனியால் மூடினேன். எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

காலையில் டெல்மர் தன் பொறிகளைப் பார்க்க வந்தான். கிளையைக் கண்டதும் மரியாதையாகக் கரைப்பக்கம் ஒதுங்கினான். நேராக ஊற்றின்மேல்.

சத்தம் பெரிதாக இல்லை. முழங்கைகளைப் பனிக்கட்டி விளிம்பில் ஊன்றிக்கொண்டு, கரையில் நின்ற என்னைப் பார்த்தான். என் கையில் நீளக் கம்பு இருந்தது. எட்டுகிற தூரம்தான்.

“கம்ப நீட்டுடா, ஹூபர்ட்டு.”

“எந்த மாசத்துத் தோலு, டெல்மர்?”

“வெளையாடாதடா. காலு மரத்துப்போச்சு.”

“மாசத்தச் சொல்லு.”

சற்று யோசித்தான். “டிசம்பர்,” என்றான். “டிசம்பர்தான்டா. அருமையான டிசம்பர்த் தோலு. எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்.”

எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. இத்தனை வருடம் நடுவராக இருந்தவன், ஒரு கம்புக்காகத் தீர்ப்பை மாற்றுகிறான். இவனை நம்பியா ஊரே தோலைக் கொண்டுவந்து கொடுத்தது? நேர்மை இல்லாதவனுக்குக் கைகொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவன் பேச்சு நிற்கும்வரை நின்றிருந்தேன். பிறகு கிளையை ஊற்றின் பக்கமே திரும்ப நட்டேன். வேறு யாராவது தெரியாமல் விழுந்துவிட்டால் பாவம் இல்லையா? வீட்டுக்கு வந்து முட்டையும் பன்றியிறைச்சியும் பொரித்துச் சாப்பிட்டேன்.

நீங்கள் விபத்து என்று முடித்துவிட்டீர்கள். நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அடக்கத்துக்குப் போன இடத்திலும் வெய்ன் என்னிடம், “தள்ளி நில்லு, அக்டோபரு,” என்றான். அதனால்தான் நானாக வந்தேன். மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். நடுவரின் கடைசித் தீர்ப்பு டிசம்பர் என்பதை மட்டும் தெளிவாக எழுதுங்கள். அதற்கு என்னை விட்டால் வேறு சாட்சி இல்லை.

அந்த ரக்கூனைப் பிடித்த நாளா? அக்டோபர் ஒன்பது, ஷெரிப்.