மேயாத மீன்கள்

அக்கா: மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்காதே. அந்த விளக்கை இந்தப் பக்கம் திருப்பு.

தம்பி: என்னக்கா நாத்தம் இது! இதைப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்து எப்படித்தான் சோறு திங்கிறியோ?

அக்கா: உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே திங்கலையா? ம்... இன்னும் கொஞ்சம் கிட்ட.

தம்பி: எதுக்கு இத்தனை மீனை அறுக்கிறே? விடுதிக்காரங்க சாக்கடைத் தண்ணியக் கடல்ல விட்டாங்க, பவளப்பாறையில மீன் செத்து மிதக்குது. ஊருக்கே தெரியும். அதையே எழுதிக் குடுத்துட்டு வா, போலாம்.

அக்கா: ஊரா கையெழுத்துப் போடப் போகுது? மீன்துறையில நான்ல போடணும். நீ ஏன்டா இப்படிப் பறக்கிறே?

தம்பி: நானா? நான் எங்க... படகு கழுவணும். காலையில ஆளுங்க வராங்க.

அக்கா: அடியில கண்ணாடி வச்ச உன் படகுக்கு இப்பல்லாம் செம கூட்டமாமே.

தம்பி: ஏதோ ஓடுது.

அக்கா: படகுத் துறை நாய் எப்படி இருக்கு?

தம்பி: நாயா? ஆங்... அதுக்கென்ன. நீ குடுக்கிறதைத் தின்னு நல்லா குண்டாயிடுச்சு.

அக்கா: ஓ... சரி, இங்க வா. இது என்ன மீனு?

தம்பி: எனக்கே பரீட்சையா? ஓரா.

அக்கா: குடலைப் பாரு.

தம்பி: அய்ய... கயிறு மாதிரி சுத்திக்கிட்டே போகுது...

அக்கா: பாசி திங்கிற மீனுக்குக் குடல் நீளமாத்தான் இருக்கும். பாசி லேசுல செரிக்காது. விடிஞ்சதுலேருந்து பொழுது சாயற வரைக்கும் மாடு மாதிரி மேஞ்சுக்கிட்டே இருக்கும். வயித்தைக் கீறினா பச்சையா வழியணும்.

தம்பி: சரி, வழியட்டும்.

அக்கா: வழியலையே. வெள்ளையா, பிசைஞ்ச மாவு மாதிரி வருது. தொட்டுப் பாரு.

தம்பி: நான் மாட்டேன்பா. ஏதாவது நோயா இருக்கும்.

அக்கா: இது கிளிமீன். பாறையச் சுரண்டித் திங்கிறது. குடல்ல மணலு நறநறன்னு இருக்கணும். மணலும் இல்ல, பாசியும் இல்ல. இதுலயும் அதே மாவு. இதுங்க மேயாம விட்டதுல, பாறை மேல பாசி கம்பளி போத்தின மாதிரி கிடக்கு. அடியில பவளம் மூச்சுமுட்டிச் சாகுது.

தம்பி: நீ எதையாவது...

அதிகாரி: மேடம், கதவைத் திறக்கலாமா? முடிஞ்சுதா?

அக்கா: வாங்க சார். இன்னும் ஒரு மீன் பாக்கி.

அதிகாரி: விடுதி பம்ப் ரூம்காரரை வெளிய உக்கார வச்சிருக்கு. சாக்கடை வால்வைத் தொடவே இல்லைன்னு ஒரே அழுகை. உங்க அறிக்கை வந்துட்டா அந்தாளை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடலாம்.

அக்கா: கொஞ்சம் பொறுங்க சார்.

அதிகாரி: சீக்கிரம்.

தம்பி: ...போயிட்டாரா?

அக்கா: போயிட்டாரு. கதவைச் சாத்து. கேட்டியா? அப்பாவைத் தூக்கறப்போ தோள் குடுத்த மனுஷன், அங்க உக்காந்து அழறாரு.

தம்பி: அக்கா... சும்மா இரேன்.

அக்கா: போன வாரம் என்னமோ பீத்திக்கிட்டியே. 'என் இன்ஜின் சத்தம் கேட்டாலே மீனெல்லாம் கூட்டமா ஓடி வருது'ன்னு.

தம்பி: அது... மீனுக்கும் ஆள் தெரியுமில்ல?

அக்கா: ஆள் தெரியுதா, பிரெட் தெரியுதா? வாயைத் திறடா.

தம்பி: வெறும் கல்லைக் காட்டினா ஆளுங்க முணுமுணுக்கிறாங்கக்கா. ஒரு நாள் ரெண்டு துண்டு போட்டேன்... கண்ணாடிக்கு அடியில மீனு அப்படி மொய்க்குது! சின்னப் புள்ளைங்க எல்லாம் கை தட்டுச்சுங்க.

அக்கா: ரெண்டே துண்டா?

தம்பி: அப்புறம்... பை பையா.

அக்கா: அது உள்ள போய் ஊறி, உப்பி, அழுகி... பாசிக்குன்னு இருக்கிற குடலு என்னடா பண்ணும்?

தம்பி: சத்தியமாத் தெரியாதுக்கா. சாகும்னு தெரிஞ்சா போடுவேனா?

அக்கா: செத்து மிதந்தப்புறம் தெரிஞ்சுதுல்ல? அவர் தலையில பழி விழுந்தப்போ ஏன் வாயே திறக்கல?

தம்பி: படகைப் புடுங்கிடுவாங்கக்கா! அம்மா மருந்து, வீட்டு வாடகை, எல்லாம் அதுலதானே ஓடுது? இப்ப என்ன... இந்தத் தட்டைக் கழுவி விட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுது...

அக்கா: குழாயைத் திறக்காதே.

தம்பி: அக்கா...

அக்கா: கையை எடுன்னா எடு!

தம்பி: அப்ப எழுதத்தான் போறியா? கூடப் பொறந்தவன் பேரை?

அக்கா: எழுதறேன். போட்டவன் பேரையும் எழுதறேன், குடுத்தவ பேரையும் எழுதறேன்.

தம்பி: குடுத்தவளா? உனக்கென்ன பைத்தியமா? பேக்கரியில மிஞ்சினதை நீ அந்த நாய்க்குன்னுதானே வாங்கிக் குடுத்தே? ஏமாத்தினது நான். உனக்கு என்ன தெரியும்?

அக்கா: அந்த நாய் போன மழையிலேயே செத்துப்போச்சுடா. நீ கடல்ல இருந்தப்போ குழி தோண்டிப் புதைச்சதே நான்தான். அதுக்கப்புறமும், எங்க போகுதுன்னு கேக்காமலே, தினம் பை கட்டிக் குடுத்தேன்.