நூல் கட்டின பக்கம்

சாந்தாமேரி: இப்ப உங்க வாயில இருந்து வந்தது என்னங்க?

ஆரோக்கியதாஸ்: மூச்சு.

சாந்தாமேரி: வெள்ளையா வந்துச்சே.

ஆரோக்கியதாஸ்: கொட்டச்சேட்டு மலையில காலங்காத்தால பின்ன எப்படி வரும்? பனிடி. உன் வாயிலயுந்தான் வருது.

சாந்தாமேரி: எனக்கு வரலாம். நான் செபமாலை சொல்லிட்டு வந்தவ.

ஆரோக்கியதாஸ்: செபமாலைக்கும் பனிக்கும் என்ன...

சாந்தாமேரி: கிட்ட வந்து ஊதுங்க... இன்னொருக்கா... ம். ஏலக்காய்.

ஆரோக்கியதாஸ்: கிராம்பு. கட்டின புருசன் வாயை நடுரோட்டுல மோந்து பாக்கறயே, மேரி. அங்க காப்பி பறிக்கறவங்க எல்லாம் இங்கதான் பாக்கறாங்க. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவங்களுக்கு ஆள்கணக்கு எழுதுவேன்?

சாந்தாமேரி: பாக்கட்டும். ஒப்பந்தம் ஒப்பந்தந்தான். நீங்க ஒரு பீடி குடிச்சா நானும் ஒரு பீடி குடிப்பேன்.

ஆரோக்கியதாஸ்: மெதுவா பேசு...

சாந்தாமேரி: எதுக்கு மெதுவா? எஸ்டேட் ரைட்டர் ஊட்டம்மா பீடி குடிக்கும்னு இந்த மலைக்கே தெரியும்.

ஆரோக்கியதாஸ்: நீ சொல்லித்தான தெரிஞ்சது. செபக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, "எனக்காக வேண்டிக்குங்க, கல்யாணமான நாள்ல இருந்து காப்பிக் கொட்டை ஷெட்டுக்குப் பின்னால ஒளிஞ்சு பீடி குடிக்கறேன்"னு... எங்கையில இருந்த பாட்டுப் புஸ்தகம் கீழ விழுந்துருச்சு.

சாந்தாமேரி: ஒவ்வொரு தவக்காலமும் நீங்க தனியா பீடிய உட்டுப் பாத்தீங்க. ஈஸ்டர் அன்னைக்குச் சாமியார் அல்லேலூயா சொல்றதுக்குள்ள வெளிய போய்ப் பத்த வெச்சீங்க. அதான், சேந்து உடலாம்னு...

ஆரோக்கியதாஸ்: மேரி... மேடு ஏறுனதும் நெஞ்சு என்னமோ பண்ணுது. ஒண்ணே ஒண்ணு. பாதியில போட்டுர்றேன்.

சாந்தாமேரி: தாராளமா. எனக்கும் ஒண்ணு குடுங்க. இந்த மதகு மேல உக்காந்து குடிக்கலாம். அதோ சேலம் பஸ்சும் வருது, ஜன்னல் சீட்டுல இருக்கறவங்க எல்லாம் பாக்கட்டும்.

ஆரோக்கியதாஸ்: ...கிராம்பே போதும்.

சாந்தாமேரி: அப்ப நடங்க. நாளைக்கு அந்தோனியார் திருவிழா. போன வருசம் மாதிரி வளைவுல இருமல் வந்து சப்பரத்துக்குக் கீழ இருந்து தோளை எடுத்துட்டீங்கன்னா, சப்பரத்துக்கு ஆள் நிறுத்தற பாக்கியநாதன் இனி உங்களைச் சப்பரத்துக் கிட்டயே சேத்த மாட்டான்.

ஆரோக்கியதாஸ்: இப்பவே சப்பரத்துக்கு முன்னால கொடை பிடிச்சா போதும்கறான். எங்கப்பா தூக்குன தோள் எடம் அது... அன்னைக்கு நான் தோளை எடுத்ததும் சப்பரம் சரிஞ்சு அந்தோனியார் சில்வர் ஓக் மரத்துல சாஞ்சு நின்னாரு பாரு, "அவரே ஒரு பீடி கேப்பாராட்ட இருக்குது"ன்னு சிரிச்சான்.

சாந்தாமேரி: அவன் வாயைக் கழுவச் சொல்லுங்க.

ஐயாக்கண்ணு: ஏனுங்க ரைட்டருங்க, அம்மிணி, கடைய தாண்டிப் போறீங்க? நின்னுட்டுப் போங்க.

ஆரோக்கியதாஸ்: நீயா ஐயாக்கண்ணு... பனியில கடையே தெரியல.

ஐயாக்கண்ணு: அம்மிணி, இன்னைக்கு எப்படீங்க? கை நடுங்குதுங்களா?

சாந்தாமேரி: கொஞ்சமா... நடுங்குதுங்ண்ணா.

ஐயாக்கண்ணு: இந்தாங்க, கடலை முட்டாய். பீடி நெனப்பு வந்தா வாயில போட்டுக்குங்க. சேர்வராயன் கோயில்ல எங்க அத்தாயிக் கெழவி உங்களுக்குன்னு வெளக்கு போட்டுட்டு வந்துச்சுங்க.

ஆரோக்கியதாஸ்: எனக்குந்தான் நடுங்குது.

ஐயாக்கண்ணு: உங்களுக்கென்னங்க. அம்மிணி உடறதுக்குத் தொணையா நீங்களும் உடறீங்கன்னு ஊரே பெருமையா பேசுதுங்க.

ஆரோக்கியதாஸ்: நான்... தொணையா?

ஐயாக்கண்ணு: ஆமாங்க. எந்தப் புருசன் செய்வான்?

சாந்தாமேரி: அவரு நொம்ப நல்லவருங்ண்ணா.

ஆரோக்கியதாஸ்: சரி, ஐயாக்கண்ணு... கடையில பீடிக்கட்டு தொங்குமே, எங்க காணோம்?

ஐயாக்கண்ணு: வெக்கறதில்லீங்க. அம்மிணி வந்து கேட்டா இல்லீங்கவும் வாய் வராது, எடுத்துக் குடுக்கவும் கை வராது. அதனால ஆருக்குமே இல்லீன்னுட்டனுங்க. லாரிக்காரங்க வையறாங்க, வைஞ்சுட்டுப் போகட்டும். எங்க அத்தாயியும் பொகையில டப்பாவ அடுப்புல போட்டுருச்சுங்க. "ரைட்டர் ஊட்டம்மாவே நாலு பேர் முன்னால சொல்லிட்டு உடுது, எனக்கென்ன வெக்கம்"னு.

சாந்தாமேரி: வர்றமுங்ண்ணா.

ஐயாக்கண்ணு: நாளைக்குச் சப்பரம் இந்த வழியா வருமுங்களே, பானகம் கரைச்சு வெக்கறனுங்க.

ஆரோக்கியதாஸ்: கடை பனியில மறஞ்சுருச்சு. கேட்டயா மேரி? உனக்கு நான் தொணையாம்... ஏன், முட்டாய கையிலயே வெச்சிருக்கற?

சாந்தாமேரி: எறங்க மாட்டீங்குது.

ஆரோக்கியதாஸ்: தண்ணி வேணுமா?

சாந்தாமேரி: சாயங்காலம் சாமியார் பாவசங்கீர்த்தனம் கேக்க உக்காருவாரு. நான் போய் எம்பாவத்தச் சொல்லணுங்க.

ஆரோக்கியதாஸ்: பீடிக்கா? ஊருக்கே சொன்னது அவருக்குத் தெரியாதா?

சாந்தாமேரி: பீடிக்கில்லீங்க.

ஆரோக்கியதாஸ்: பின்ன?

சாந்தாமேரி: நாளைக்கு நீங்க சப்பரம் தூக்கி முடிச்சதும் சொல்றேன். இப்பச் சொன்னா நீங்க...

ஆரோக்கியதாஸ்: சொல்லு.

சாந்தாமேரி: ...நான் பீடியே குடிச்சதில்லீங்க.

ஆரோக்கியதாஸ்: ம்.

சாந்தாமேரி: ஒரு நாளும் இல்ல. நீங்க நம்பணும்னு அன்னைக்கு உங்க முன்னாடி ஒண்ணு பத்த வெச்சேனே, அதுதான். கொடலே வெளிய வந்துருச்சு. ஒரு பொய் சொன்னா நீங்க உட்டுருவீங்கன்னு நெனச்சேன். இப்ப என்னடான்னா, வெளக்கு போடறாங்க, வேண்டிக்கறாங்க, முட்டாய் குடுக்கறாங்க... பொய்க்கு வாங்குன முட்டாய் எப்படீங்க எறங்கும்? ஏனுங்க, வையறதானா வைங்க.

ஆரோக்கியதாஸ்: அதுல பாதி எனக்குக் குடு.

சாந்தாமேரி: கோவமில்லீங்களா?

ஆரோக்கியதாஸ்: பீடியில நூல் கட்டின பக்கத்த வாயில வெச்சு, மத்த பக்கத்துல பத்த வெப்பாங்க. நீ நூலப் பத்த வெச்ச, மேரி.

சாந்தாமேரி: ...அன்னைக்கேவா தெரியும்?

ஆரோக்கியதாஸ்: நூல் கருகுன நாத்தம் எனக்குத் தெரியாதா?

சாந்தாமேரி: ஐயோ... இத ஐயாக்கண்ணண்ணங்கிட்ட சொல்லிராதீங்க. முட்டாய் குடுத்த மனசு நோகும்.

ஆரோக்கியதாஸ்: பீடி வாங்கப் போனப்ப அவங்கிட்ட என்ன கேட்ட?

சாந்தாமேரி: எந்தப் பக்கம் பத்த வெக்கறதுன்னு...

ஆரோக்கியதாஸ்: கல்யாணமான நாள்ல இருந்து குடிக்கறவ கேக்கற கேள்வியா அது? அவன் வேணும்னேதான் மாத்திச் சொல்லியிருக்கான். மறுநா போய்க் கேட்டேன். "உங்களுக்காக அம்மிணி பண்ற காரியம் உங்களுக்குத் தெரியோணும், தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க"ன்னான். வெளக்கும் அப்படித்தான். அத்தாயி அத உம்பேருக்குப் போடல, எம்பேருக்குப் போடுது. அந்த முட்டாய் பொய்க்கு வந்ததில்ல, தின்னு.

சாந்தாமேரி: அவங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்... அதுக்கப்புறம் வந்த கூட்டத்துல அத்தனை பேரும் என்னைய ஒரு மாதிரி பாத்தப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க.

ஆரோக்கியதாஸ்: ரெண்டு தடவ எந்திரிச்சேன், மேரி. ரெண்டு தடவயும் உக்காந்துட்டேன்... நீ குடிக்கறதில்லீன்னு ஒத்துக்கிட்டா, அன்னைக்கே நான் ஒண்ணு பத்த வெச்சிருப்பேன். சாயங்காலம் நானும் வரேன். பாவசங்கீர்த்தனத்துல நீ முன்னால நில்லு, நான் பின்னால நிக்கறேன். பொய் சொன்னவளுக்கு இருக்கற பாவத்த விட, நம்புன மாதிரி நடிச்சவனுக்குத்தான் ஜாஸ்தி.